சுவரில் ஓடும் குடும்பப் படங்கள்: வாசகர் கேள்வி – பதில்

உள்ளே போட்ட படங்களைத் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும் டிஜிட்டல் போட்டோ பிரேம் பற்றி வந்த கடிதங்களுக்கு இம்முறை பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம்.

கேள்வி: அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். தம்பி கட்டாரில், தங்கை கொழும்பில். மூவருமாகச் சேர்ந்து தீபாவளிக்கு ஒரு போட்டோ பிரேம் வாங்கிக் கொடுக்க நினைக்கிறோம். கடையில் 7, 8, 10 அங்குலம் என்று மூன்றைக் காட்டினார்கள். மூன்றுமே பளிச்சென்றுதான் தெரிகின்றன. எதை வாங்குவது?
– ஆசிரியை ஒருவர், தலவாக்கலை

பதில்: கடையில் எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும். அங்கே ஓடுவது கம்பனி போட்டு அனுப்பிய பூவும் கடற்கரையும். அடுத்த முறை போகும்போது உங்கள் வீட்டுப் படங்கள் பத்தை ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள். பத்துப் பேர் நெருங்கி நிற்கும் கல்யாணப் படம், போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தது, ராத்திரி டியூப் லைட்டில் எடுத்தது, பழைய கறுப்பு வெள்ளை என வகைக்கு ஒன்றாவது இருக்கட்டும். பிரேமின் யோக்கியதை அந்தப் பத்திலேயே வெளுத்துவிடும்.

அளவுக்கு முன்னால் தீர்க்க வேண்டியது, படம் எந்த வழியாக வீட்டுக்குப் போய்ச் சேரும் என்பது. வீட்டில் ரவுட்டர் இல்லை, நீங்கள் மாதம் இரண்டு தடவையாவது போய் வருகிறீர்கள் என்றால், எஸ்டி கார்ட் அல்லது பென் டிரைவில் ஓடும் சாதாரண பிரேமே போதும். விலையும் குறைவு, கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றுமில்லை. தம்பி கட்டாரிலிருந்து அனுப்பும் படம் அன்றைக்கே சுவரில் வரவேண்டும் என்றால்தான் வைஃபை பிரேம். அப்படி வாங்கினால் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய ஒரே முக்கியமான கேள்வி: படம் பிரேமுக்குள்ளேயே சேமிக்கப்படுகிறதா, இல்லை ஒவ்வொரு தடவையும் இணையத்திலிருந்து இழுக்கப்படுகிறதா? வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரு படத்தை அனுப்பச் சொல்லி, பிறகு வைஃபையை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி மறுபடி போடச் சொல்லுங்கள். படம் திரும்ப வந்தால் அது உள்ளே இருக்கிறது. ஃப்ரேமியோ செயலியில் ஓடும் பிரேம்கள் இந்த வகை. பிரேமில் வரும் குறியீட்டு எண்ணைப் பிள்ளைகள் தங்கள் போனில் ஒருமுறை அடித்தால் போதும், அதன்பின் அனுப்புவதெல்லாம் பிரேமின் நினைவகத்தில் போய் உட்கார்ந்துவிடும். மழைக்காலத்தில் சிக்னல் நாள்கணக்கில் படுத்துவிடும் இடங்களில் இதுதான் தோது. கூகுள் போட்டோஸ் ஆல்பத்தோடு தானாக இணையும் என்று பெட்டியில் போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். 2025 மார்ச் 31க்குப் பிறகு வெளிச் செயலிகள் அந்த ஆல்பங்களை முன்போல வாசிக்க முடியாதபடி கூகுள் விதியை மாற்றிவிட்டது. பழைய பெட்டிகளில் அந்த வாசகம் இன்னும் இருக்கும்.

இனி அளவு. போனில் எடுக்கும் படம் வழக்கமாக 4:3 விகிதம். 10.1 அங்குலப் பிரேம்களில் பல 16:10. படத்தை வெட்டாமல் முழுசாகக் காட்டினால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். படம் உண்மையில் பிடிப்பது குறுக்களவில் 8.9 அங்குலம்தான். அதே படம் 8 அங்குல 4:3 பிரேமில் திரை முழுவதையும் நிரப்பும். ஆக இரண்டுக்கும் நடுவே நிஜ வித்தியாசம் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. நிமிர்த்தி எடுத்த படமோ 10.1 அங்குலத்தில் 6.7 அங்குலமாகச் சுருங்கிவிடும். திரையில் பாதிக்கு மேல் கறுப்பு. ‘திரையை நிரப்பு’ என்று அமைத்தால் பட்டை போய்விடும், ஆனால் படுக்கைவாட்டுப் படத்தில் உயரத்தின் ஆறில் ஒரு பங்கு வெட்டுப்படும். குழுப்படத்தில் பின்வரிசைக்காரர்களின் தலை அந்தப் பங்கில்தான் இருக்கும்.

அடுத்து திரை. ஐபிஎஸ், டிஎன் என்று இரண்டு வகை உண்டு. டிஎன் திரையை நேராகப் பார்த்தால் குறை தெரியாது. மேல் தட்டில் வைக்கச் சொல்லிக் கீழே நின்று பாருங்கள்: முகம் கறுத்து, வெளிச்சமும் நிழலும் இடம்மாறி, நெகட்டிவ் பார்ப்பது போல ஆகிவிடும். லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பிரேம் போகும் இடம் பெரும்பாலும் அலுமாரிக்கு மேலே அல்லது சாமி படங்களுக்குப் பக்கத்தில். பாய் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் கீழேயிருந்துதான் பார்ப்பார்கள். ஐபிஎஸ் திரையில் இப்படி ஆகாது, ஆகவே ஐபிஎஸ் கட்டாயம்.

பெட்டியில் ‘1080பி ஆதரவு’ என்று கொட்டை எழுத்தில் இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த அளவுக் கோப்பைத் திறக்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம். திரையின் புள்ளிகள் வேறு விஷயம். விவரப் பட்டியலில் 1280×800 என்று இருந்தால் 10 அங்குலத்தில் அங்குலத்துக்கு 150 புள்ளி, மூன்றடி தூரத்திலிருந்து பார்க்க நிறைவாக இருக்கும். 1024×600 என்றால் 118 புள்ளி. கல்யாணக் குழுப்படத்தில் கண்ணும் மூக்கும் ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் விஷயத்தில் எங்கள் தெரிவு, 10.1 அங்குலம், 1280×800, ஐபிஎஸ். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் எங்கே உட்கார்ந்தாலும் முகம் தெரியும். கார்ட் வகைதான் என்றால் 8 அங்குல 4:3 கிடைத்தால் விடாதீர்கள், இப்போது அது அரிது. 7 அங்குலம் மேசையில் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கச் சரி, சுவருக்கு ஆகாது. ஒன்று மட்டும்: முழுக்கத் தொடுதிரையாக இருந்தால், துடைக்கும்போது கை பட்டுப் படம் அழிந்துவிடாதபடி பூட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் ஒரு வரி எழுதிப் படத்தோடு அனுப்பியும் பாருங்கள். சில பிரேம்களில் தமிழ் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாக வரும்.

கேள்வி: 64 ஜிபி கார்ட் ஒன்றை வாங்கிப் படங்களைப் போட்டேன். பிரேம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பழைய 8 ஜிபி கார்டில் போட்டால் பாதிப் படம் வருகிறது, பாதி ‘திறக்க முடியாது’ என்கிறது. வருவதிலும் சில படுத்துக் கிடக்கின்றன. பிரேம் பழுதா?
– வாசகர், ஹட்டன்

பதில்: பிரேம் நன்றாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு மூன்று தனித்தனிக் கோளாறு.

32 ஜிபி வரையான கார்டுகள் எஃப்ஏடி32 என்ற கோப்பு அமைப்பில் வருகின்றன. 64 ஜிபியும் அதற்கு மேலும் எக்ஸ்ஃபேட். விலை குறைந்த பிரேம்கள் பலவற்றுக்கு எக்ஸ்ஃபேட் தெரியாது. 64ஐக் கொடுத்து 16 அல்லது 32 ஜிபி கார்ட் மாற்றி வாங்குங்கள். குடும்பப் படத்துக்கு அதுவே தாராளம்.

திறக்காத படங்களுக்கு மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். ஐபோன் படங்கள் 2017க்குப் பிறகு ஹெச்இஐசி என்ற வடிவில் சேமிக்கப்படுகின்றன. பிரேம்கள் பலவும் ஜேபெக் (.jpg) மட்டும்தான் படிக்கும். ஐபோனின் கமரா அமைப்பில் ‘மோஸ்ட் கொம்பாட்டிபிள்’ என்று மாற்றினால் இனி எடுப்பவை ஜேபெக்காக வரும், பழையவற்றை மாற்றத்தான் வேண்டும். ஸ்டூடியோக்காரர் அச்சுக்குத் தயாரித்துக் கொடுத்த படம் என்றால் அது ஜேபெக்காக இருந்தும் நான்கு மை நிறமுறையில் இருக்கலாம். பிரேம் திறக்காது, அல்லது நிறம் கண்ணைப் பறிக்கும். மூன்றாவது ‘ப்ரொக்ரெசிவ்’ ஜேபெக், அதாவது மங்கலாகத் தொடங்கிப் படிப்படியாகத் தெளிவாகும்படி சேமித்த படம். இணையத்திலிருந்து இறக்கிய படங்களில் இது அதிகம். கணினியில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

படுத்துக் கிடப்பதற்குக் காரணம் போன். நிமிர்த்தி எடுக்கும்போது போன் படத்தைத் திருப்புவதில்லை. படுக்கையாகவே சேமித்து, ‘இதைத் திருப்பிக் காட்டு’ என்று கோப்புக்குள் ஒரு குறிப்பு எழுதி வைக்கிறது. பிரேம் அந்தக் குறிப்பை வாசிக்காவிட்டால் மாப்பிள்ளையும் பொண்ணும் படுத்துத்தான் கிடப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து உண்டு. போனிலோ கணினியிலோ படங்களை மொத்தமாக அளவு குறைக்கும் செயலி ஒன்றில் போட்டு, நீளப் பக்கம் 1920 புள்ளி, வடிவம் ஜேபெக், தரம் 85 முதல் 90 என்று கொடுத்துப் புதிதாகச் சேமியுங்கள். அந்த வேலையில் வடிவம் மாறும், திருப்பும் குறிப்பும் படத்துக்குள்ளேயே இறங்கிவிடும், நான்கைந்து எம்பி கோப்பு சில நூறு கேபியாகும். படத்துக்குப் படம் பிரேம் திணறி நிற்பதும் அத்தோடு குறையும். முதலில் நான்கைந்து படத்தில் செய்து பார்த்துவிட்டு மிச்சத்தைப் போடுங்கள். மூலப்படங்களை மட்டும் வேறோர் இடத்தில் பத்திரமாக வைத்திருங்கள், குறைத்தது பிரேமுக்கு மட்டும்.

கோப்புப் பெயரையும் கவனியுங்கள். 1, 2, 3 என்று போட்டால் சில பிரேம்கள் 1, 10, 11, 2 என்று ஓட்டும். 001, 002 என்று மூன்று இலக்கமாகப் போட்டால் வரிசை குலையாது.

கேள்வி: போன்கள் எல்லாம் ரவுட்டரில் இணைகின்றன. பிரேமில் மட்டும் எங்கள் வைஃபையின் பெயரே காட்டவில்லை. மகனின் போன் ஹொட்ஸ்பொட்டில் இணைத்தால் ‘இணைந்தது’ என்கிறது, ஆனால் படம் வருவதில்லை.
– வாசகி, பண்டாரவளை

பதில்: பெயர் தெரியாததற்குக் காரணம் அலைவரிசை. இப்போதைய ரவுட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் ஒலிபரப்பும். பிரேம்களில் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் கேட்கும். ரவுட்டர் அமைப்பில் 2.4 அணைந்திருந்தால் போட்டுவிடுங்கள். இரண்டும் ஒரே பெயரில் இருந்தால் 2.4க்கு வேறு பெயர் கொடுங்கள். 2.4க்குள் சேனல் எண் 12 அல்லது 13 என்று இருந்தாலும் சில பிரேம்களுக்குத் தெரியாது. 1, 6, 11 இவற்றில் ஒன்றை வையுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் டபிள்யூபிஏ2 ஆக்குங்கள். கருங்கல் சுவர் வீடுகளில் 5ஐவிட 2.4தான் அடுத்த அறைக்குப் போய்ச் சேரும் என்பதால் இதில் உங்களுக்கு நட்டமில்லை.

ஹொட்ஸ்பொட்டிலும் அதே கதைதான். ஆண்ட்ராய்டில் ஹொட்ஸ்பொட் அமைப்புக்குள் 2.4 என்று தெரிவு செய்யலாம், ஐபோனில் ‘மெக்ஸிமைஸ் கொம்பாட்டிபிளிட்டி’யைப் போடுங்கள். இணைந்தும் படம் வராவிட்டால் பிரேமின் திகதியைப் பாருங்கள். 2000 அல்லது 2015 என்று ஏதாவது பழைய ஆண்டு காட்டினால் அதுதான் வில்லங்கம். இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. பிரேமின் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, அதனால் கதவைத் திறக்க மறுக்கிறது. திகதியைக் கையால் சரிசெய்து, நேர வலயத்தைக் கொழும்பு (+5:30) என்று வைத்து, ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

கேள்வி: வாங்கி ஒன்றரை வருடம். திரையின் ஓரத்தில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக வந்துவிட்டது. வெளியே துடைத்தால் போகவில்லை. மார்கழி, தையில் காலையில் கண்ணாடி முழுக்க நீர்த்துளி. எங்கே வைப்பது, எப்படிப் பாதுகாப்பது?
– வாசகர், நுவரெலியா

பதில்: 1868 மீற்றர் உயரத்தில், மூடுபனிக்குள் வாழும் ஊரில் வரும் இயல்பான நோய் இது. அந்தத் திட்டு திரையின் மேலே இல்லை, உள்ளே இருக்கிறது. பிரேமின் பின்விளக்குக்கும் திரைக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் சில அடுக்கப்பட்டிருக்கும். ஈரம் அவற்றின் நடுவே புகுந்து தாளை ஒட்டவைத்தாலோ, பூஞ்சணம் பிடித்தாலோ அந்த இடத்தில் வெளிச்சம் வேறுமாதிரிச் சிதறும். வந்த திட்டைப் போக்கக் கழற்றித்தான் ஆகவேண்டும்; கழற்றினால் தூசு புகும். பார்க்கச் சகிக்கும் அளவில் இருந்தால் அப்படியே விட்டுவிட்டு, மேலும் பரவாமல் பார்ப்பதுதான் புத்தி.

வீட்டின் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். கல்சுவர் ராத்திரி முழுக்கக் குளிர்ந்து, காலையில் சமையலறை நீராவி பட்டவுடன் வியர்க்கும். அதில் ஒட்டியிருக்கும் பிரேமும் சேர்ந்து வியர்க்கும். இரண்டு அறைக்கு நடுவேயுள்ள உட்சுவர் நல்லது. வேறு வழியில்லாமல் வெளிச்சுவர்தான் என்றால் பிரேமின் நான்கு மூலைக்கும் பின்னால் ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய துண்டை ஒட்டி, இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளி விடுங்கள். தகரக் கூரைக்கு நேர் கீழே விடியற்காலையில் சொட்டும் இடமும் வேண்டாம். விறகடுப்புப் புகை போகும் வழியும் வேண்டாம், புகைக்கரி காற்றுத் துளை வழியாக உள்ளே போய்ப் படியும், ஈரத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். சாமித் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பதென்றால் கற்பூரமும் எண்ணெய் விளக்கும் மூன்றடியாவது தள்ளியிருக்கட்டும்.

பாவிப்பதே பாதுகாப்பு. ஓடும் பிரேம் இளஞ்சூடாக இருக்கும், அந்தச் சூடே ஈரத்தை வெளியே தள்ளும். மழை மாதங்களில் தினமும் நான்கைந்து மணித்தியாலம் ஓடவிடுங்கள். ஊருக்குப் போய் வாரக்கணக்கில் பூட்டிவைக்கும்போது சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்ததும் கரண்டில் போடாமல், அறைச் சூட்டுக்கு வர இரண்டு மணித்தியாலம் விடுங்கள். கண்ணாடியில் நீர்த்துளி இருக்கும்போது போடவே கூடாது. துடைப்பதற்குக் கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியை லேசாக ஈரமாக்கினால் போதும். ஸ்பிரிட், கொலோன், திரவம் தெளிப்பது எதுவும் வேண்டாம். தெளித்தது கீழ் ஓரம் வழியாக உள்ளே இறங்கும்.

மின்னலையும் சொல்ல வேண்டும். மார்ச்–ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் பின்னேர இடியோடு வரும் மழையில் பிளக்கையே கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. எர்த் சரியில்லாத பழைய வயரிங்கில் ‘சேர்ஜ் ப்ரொடெக்டர்’ பலகையை நம்பவும் முடியாது.

கேள்வி: எங்கள் அம்மாயியின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாலை போட்டிருந்தோம். கழற்றப் பார்த்தால் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கிறது. இதை டிஜிட்டல் பிரேமில் போட முடியுமா? வேறு உறவுகளின் படங்கள் அடையாளப் படம் அளவில் சின்னச் சின்னதாக இருக்கின்றன.
– வாசகி, மஸ்கெலியா

பதில்: முதலில், இழுக்காதீர்கள். ஈரத்தில் படத்தின் ஜெலட்டின் படலம் இளகிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. பிரித்தால் தாள் உங்கள் கையோடும் முகம் கண்ணாடியோடும் போய்விடும். வெந்நீர் ஆவி, முடி உலர்த்தி, ஊசி, எதையும் முயல வேண்டாம். ஒட்டியபடியே பிரதி எடுக்கலாம்.

மாலையைக் கழற்றி, சட்டத்தின் பின் ஆணிகளை மெதுவாக நிமிர்த்தி, மரச்சட்டத்தையும் பின் அட்டையையும் மட்டும் எடுங்கள். பின் அட்டையும் படத்தோடு ஒட்டியிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் சாம்பிராணிப் புகையும் படிந்திருக்கும். ஈரத் துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் துடையுங்கள், ஓரத்தில் தண்ணீர் இறங்கக்கூடாது.

ஸ்கேனரில் வைப்பதென்றால் தடிப்பான, தனி மின்பிளக் உள்ள பழைய வகை ஸ்கேனர் நல்லது. யுஎஸ்பி வயரிலேயே ஓடும் மெல்லிய ஸ்கேனர்கள் தங்கள் கண்ணாடியில் ஒட்டியிருப்பதை மட்டும்தான் கூர்மையாகப் பார்க்கும். உங்கள் சட்டக் கண்ணாடியின் இரண்டு மில்லிமீற்றர் தடிப்புக்கே படம் மங்கிவிடும். கடையில் கொடுத்து மங்கலாக வந்தது என்று மனம் விடுபவர்களுக்கு நேர்வது பெரும்பாலும் இதுதான்.

தடித்த ஸ்கேனர் கிடைக்காவிட்டால் போனே போதும். வெயில் இல்லாத பகலில், திறந்த வாசல் பக்கவாட்டில் இருக்கும்படி படத்தை ஒரு நாற்காலியில் சாய்த்து நிறுத்துங்கள். படத்துக்கு எதிரே, போனுக்குப் பின்னால், ஒரு கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் பிரதிபலிப்பது அந்தக் கறுப்பு மட்டும்தான் என்பதால் உங்கள் முகமோ வாசல் வெளிச்சமோ படத்தில் விழாது. துணியின் நடுவில் கமரா அளவு ஓட்டை போட்டால் இன்னும் நல்லது. போனை இரண்டடி தள்ளி வைத்து 2× சூமில் எடுங்கள். கிட்டப்போனால் ஓரங்கள் வளையும். ஃபிளாஷ் வேண்டாம், மூன்று விநாடி டைமர் போடுங்கள். படத்தின் நான்கு பக்கமும் திரையின் விளிம்புக்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்து ஐந்தாறு எடுத்து, பெரிதாக்கி, கண் இமை தெளிவாக இருப்பதைத் தெரிவு செய்யுங்கள்.

சின்னப் படங்களுக்குக் கணக்கு வேறு. 4×6 அங்குலப் படத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் 1800×1200 புள்ளி வரும், பிரேமுக்கு அதுவே மிச்சம். பாதுகாத்து வைக்க 600. அடையாளப் படம் இரண்டு அங்குலம் இருந்தால் 1200 டிபிஐ கொடுங்கள், உயரம் 2400 புள்ளி கிடைக்கும். ஆனால் திரை நிறையக் காட்டாதீர்கள், அவ்வளவு பெரிதாக்கினால் தாளின் நார்தான் தெரியும். இரண்டு மூன்று சின்னப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி ஒரே படமாகச் செய்து, கீழே பெயரும் உறவும் தமிழிலேயே எழுதிவிடுங்கள். படத்துக்குள்ளேயே எழுதியதால் எழுத்துருப் பிரச்சினையும் வராது.

மலையகக் குடும்பங்களில் பழைய படம் என்று மிஞ்சியிருப்பது பல நேரம் அடையாள அட்டையிலோ, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா போனவர்களின் கடவுச்சீட்டிலோ ஒட்டியதுதான். முகத்தின் ஓரத்தில் முத்திரை விழுந்திருக்கும். அந்த முத்திரையை மென்பொருளால் அழிக்க வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். அதுவும் அந்தப் படத்தின் கதைதான். அதேபோல, தானாகத் திருத்தித் தரும் செயலிகள் மங்கலான முகத்துக்குப் புதுக் கண்ணும் பல்லும் வரைந்துவிடும். வந்தது பார்க்க அழகாகத்தான் இருக்கும், அம்மாயியாக இருக்காது. சிவந்து போன பழைய வர்ணப் படங்களுக்கு நிறச் சமன் மட்டும் செய்யுங்கள். நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவதால்தான் அவை சிவக்கின்றன.

கேள்வி: வட்ஸ்அப்பில் வரும் படங்களைப் பிரேமில் போட்டால் தரம் போதாது என்கிறார்களே?
– வாசகர், கொட்டகலை

பதில்: 10 அங்குல 1280×800 திரைக்குப் போதும். வட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும்போது நீளப் பக்கத்தை ஏறத்தாழ 1600 புள்ளியாகக் குறைக்கிறது, அது உங்கள் திரையைவிட அதிகம். அழுக்கு எங்கே சேர்கிறதென்றால், ஐந்தாறு குழு தாண்டி வந்த படத்திலும் ஸ்டேட்டஸிலிருந்து ஸ்கிரீன்ஷொட் எடுத்ததிலும்தான். எடுத்தவரிடமிருந்தே நேராக வாங்குங்கள். 2023 முதல் ‘ஹெச்டி’ தெரிவும் உண்டு. அச்சுப் போடும் எண்ணமிருந்தால் ‘டொக்கியுமெண்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள், குறையாமல் வரும்.

கேள்வி: வீட்டில் பழைய டெப்லெட் ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே சுவரில் மாட்டிவிட்டால் என்ன?
– வாசகர், பதுளை

பதில்: மாட்டலாம், திரை பெரும்பாலும் மலிவான பிரேமைவிட நன்றாகவே இருக்கும். பயம் பெட்டரியில். நாளெல்லாம் சார்ஜில் நூறு வீதத்தில் நிற்கும் லித்தியம் பெட்டரி சூட்டில் வீங்கும். அமைப்பில் 80 வீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் டைமர் பிளக் ஒன்றில் காலை ஒரு மணித்தியாலம், மாலை ஒரு மணித்தியாலம் மட்டும் சார்ஜ் ஏறட்டும். மாதம் ஒருமுறை கழற்றி மேசையில் மல்லாக்க வைத்துப் பாருங்கள். ஆடினாலோ, திரையின் ஓரம் தூக்கியிருந்தாலோ அன்றைக்கே சார்ஜரைக் கழற்றி, திரும்பப் போடாதீர்கள். மரச்சட்டத்துக்குள் இறுக்கி அடைக்க வேண்டாம், பின்னால் காற்று போகவேண்டும்.

கேள்வி: குவைத்திலிருந்து மச்சான் ஒரு பிரேம் அனுப்பியிருக்கிறார். இங்கே நேராகப் போடலாமா? கரண்ட் பில் ஏறுமா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: அடெப்டரில் ‘இன்புட் 100–240’ என்று இருந்தால் நம் 230 வோல்ட்டுக்குப் பயமில்லை. வளைகுடாவின் சதுர முள் பிளக் நம் 13 அம்பியர் சொக்கட்டில் அப்படியே ஏறும். வீட்டில் பழைய உருண்டைத் துளை சொக்கட்தான் என்றால் ஒழுங்கான மாற்றி ஒன்று வாங்குங்கள், பேனா மூடியை எர்த் துளையில் செருகித் திறக்கும் வித்தை வேண்டாம். அடெப்டர் தொலைந்தால் கையில் அகப்பட்டதைச் செருகவும் கூடாது. சில பிரேம் 5 வோல்ட், சில 12 வோல்ட். முனை இரண்டுக்கும் பொருந்தும். 5 வோல்ட் பிரேமில் 12 வோல்ட் கொடுத்தால் ஒரு நொடி போதும்.

பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். 5 வோல்ட், 2 அம்பியர் அடெப்டர் என்றால் உச்சமே 10 வாட். தினமும் 10 மணித்தியாலம் ஓடினால் மாதம் 3 யூனிட், நிஜத்தில் அதற்கும் குறைவு. 5 வோல்ட் பிரேமுக்கு இன்னொரு சௌகரியம், மின்வெட்டில் 10,000 எம்ஏஹெச் பவர் பேங்க் ஒன்றிலேயே ஐந்து மணித்தியாலம்வரை ஓடும்.

கேள்வி: காலை 6க்கு எழுந்து இரவு 9க்கு அணையும்படி வைத்திருக்கிறேன். கரண்ட் போய் வந்தால் நடுச்சாமத்தில் எரிகிறது. மூவாயிரம் படம் போட்டும் வந்ததே திரும்ப வருகிறது.
– ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், ராகலை

பதில்: வைஃபை இல்லாத பிரேமில் நேரத்தைக் காப்பது உள்ளே இருக்கும் ஒரு நாணய பெட்டரி. அது இல்லாத மாதிரிகளும் உண்டு, தீர்ந்துபோனவையும் உண்டு. கரண்ட் வந்ததும் கடிகாரம் 12:00இல் தொடங்கும், உங்கள் 6 மணி அந்தக் கணக்கில்தான் வரும். பின்மூடியில் ஒரு திருகாணியோடு சின்ன வட்ட மூடி தெரிந்தால் திறந்து, உள்ளேயுள்ள எண்ணைப் பார்த்து, 2025 என்றால் 2025, 2032 என்றால் 2032, அதையே வாங்கிப் போடுங்கள். இரண்டும் அகலத்தில் ஒன்று, தடிப்பில் வேறு. மூடி எதுவும் இல்லாவிட்டால் பிரேமின் டைமரை அணைத்துவிட்டு, சொக்கட்டில் பெட்டரியுள்ள டிஜிட்டல் டைமர் பிளக் போடுங்கள். சுழல் தட்டு டைமர் வேண்டாம், மின்வெட்டில் அதுவும் நின்றுவிடும். வாங்குமுன் பிளக்கைக் கழற்றிப் போட்டால் பிரேம் தானாக ஓடத் தொடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள், சிலவற்றுக்கு ரிமோட்டை அழுத்தவேண்டும்.

படம் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம், பிரேம் ஒவ்வொரு காலையும் முதல் படத்திலிருந்து தொடங்குவது. ஒரு படம் ஒரு நிமிடம் நின்றால் உங்கள் 15 மணித்தியாலத்தில் 900 படம்தான் ஓடும், மிச்சம் 2100க்கு முறையே வராது. ‘ரண்டம்’ போட்டுப் பாருங்கள். அதைவிட நல்லது, முந்நூறு படத்தைப் பொறுக்கி வைத்து, பொங்கலுக்கு ஒரு கார்ட், தோட்டத்துத் திருவிழாவுக்கு ஒரு கார்ட் என்று மாற்றிக்கொள்வது. ஒரே நாளில் ஒரே இடத்தில் எடுத்த நாற்பது படத்தில் முப்பத்தைந்தை முதலில் கழித்துவிடுங்கள்.